தார் மாற்றும் நேரம்

கோமுவைப் போல ஒரு தங்கமான பிள்ளை வரிசை வீடுகள் நிறைந்த அந்த வளவிலேயே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டரை வயது. அழாது, அடம் பிடிக்காது. யார் தூக்கினாலும் போகும். இறக்கிவிட்டால் விட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

"நீ குடுத்து வச்சவட்டி! எங்கூட்டுல ஒண்ணு இருக்கே, காலையில வாயத் தொறந்தா பொழுது அடையுத வரைக்கும் ஊருக்கே சங்குதான்" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கோமுவின் தாய் முத்துத்தாயிடம் சொல்வார்கள். முத்துத்தாய்க்கும் அதில் ஒரு பெருமை உண்டு. பெருமை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அப்போது வேறொன்றும் இல்லை.

கதீஜம்மாளுக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

சங்கரன்கோவிலில் தறிக்காரத் தெருவுக்குப் பின்னால் மாதர் சங்கம் நடத்திவந்த பால்வாடிக்குக் கதீஜம்மாள்தான் டீச்சர். பிறந்தது கடையநல்லூர், வாழ்க்கைப்பட்டு வந்தது இங்கே. எட்டாவது வரை படிப்பு. குரல் கொஞ்சம் கட்டை, கோபம் கொஞ்சம் அதிகம். முப்பது பிள்ளைகளோடு ஆறு வருஷம் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இருந்தவளுக்கு அழுகையைப் பற்றித் தெரியாததில்லை. பசிக்கு ஒரு அழுகை, தூக்கத்துக்கு ஒரு அழுகை, அடுத்தவன் கையிலிருக்கும் முறுக்குக்கு ஒரு அழுகை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார், எதற்கு என்று சொல்லிவிடுவாள். அழாத பிள்ளையை அவள் கண்டதில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரை மாதம், பால்வாடிக்கு வராத பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வளவுக்குள் போனவள், கடைசி வீட்டில் கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டு. பாயில் கோமுவின் அப்பன் சிவனாண்டி அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்படி நிலைக்காலில் துண்டுக் கரையைக் கிழித்துத் திரித்த ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை கோமுவின் கணுக்காலில். பக்கத்தில் ஒரு தட்டில் பழைய சோறு, அதில் எறும்பு. கணுக்காலைச் சுற்றிப் புண்.

பிள்ளை அவளைப் பார்த்தது. அசையவில்லை. கதீஜம்மாள் கயிற்றை அவிழ்த்துத் தூக்கினாள். யாரென்றே தெரியாதவளின் தோளில் அது பேசாமல் சாய்ந்துகொண்டது. மடித்து வைத்த துண்டைத் தூக்குவது போலத்தான் இருந்தது.

"யா ரப்பே!" என்று கத்திவிட்டாள்.

"சூ!" பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்க டீச்சர். அவரு ராத்திரி ஷிப்டு பாத்துட்டுத் தூங்குதாரு."

அந்த வீட்டின் கதையே அந்த 'சூ'வில்தான் இருந்தது. பெத்துராஜ் முதலாளியின் விசைத்தறிக் கொட்டகையில் இரண்டு தறிகள் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை முத்துத்தாய், மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை சிவனாண்டி. புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வதே தறியடியில் கைமாற்றும்போதுதான். பகல் முழுக்க அப்பன் தூங்க வேண்டும். தூங்காதவன் தறியில் கண்ணயர்ந்தால் விரல் போய்விடும். அதனால் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை. பிள்ளை வாயைத் திறந்தால் 'சூ'. தெருவில் லாரி வருகிறதே என்று காலில் கயிறு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அழுதால் ஆள் வராது என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொண்டதும் அழுகையை விட்டுவிட்டது.

கதீஜம்மாள் நேரே தறிக் கொட்டகைக்குப் போனாள். பத்துத் தறிக்காரர்கள், இருபது தறி ஓடும் இரைச்சல். முத்துத்தாயின் முகத்துக்கு நேரே நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். "நீயெல்லாம் ஒரு தாயா? நாய்கூட குட்டிய நக்கிக் குடுக்குமேட்டி!" இந்த இரைச்சலில் தான் சொல்வது முத்துத்தாயைத் தவிர யாருக்கும் கேட்காது என்பது அவள் நினைப்பு. அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். தறிக் கொட்டகையில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார்கள். அன்றைக்குப் பத்துப் பேரும் அவள் உதட்டைப் படித்தார்கள். முத்துத்தாய் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்த ஆத்திரம் அடங்குமுன் இன்னொரு காரியமும் செய்தாள். சிவனாண்டியின் அக்காள் மாரித்தாய் திருவேங்கடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கரிசக்காடு, இரண்டு எருமை, பிள்ளை மட்டும் இல்லை. அவளுக்கு, 'உன் தம்பி மகளை வந்து பார், தாமதிக்காதே' என்று பெயர் போடாமல் ஒரு கார்டு. எழுதியது கதீஜம்மாளின் புருஷன் முகம்மது மைதீன். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"பேரு போடாம எழுதுறது நல்லால்ல புள்ள" என்றார் அவர்.

"நீங்க எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

நான்காம் நாளே மாரித்தாய் பஸ் ஏறி வந்துவிட்டாள். கயிற்றைப் பார்த்தாள், புண்ணைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அத்தை மடியிலும் கோமு அப்படியே இருந்தது.

"பாத்தியா, யாரு தூக்குனாலும் போவுது. எங்கன இருந்தாலும் இருக்கும். ஏட்டி முத்து, ஒன்னையக் குத்தம் சொல்லல. ஒன்னால முடியல, அம்புட்டுத்தான். ஆடித் தவசுக்கு வருவேன். அப்பவும் புள்ள இப்பிடியே இருந்துச்சின்னா எங்கூடக் கூட்டிட்டுப் போயிருதேன். பால் இருக்கு, பாக்க ஆள் இருக்கு."

சிவனாண்டி, "நல்லதுதானக்கா" என்றான். சங்கரன்கோவில் திருவிழாவான தவசுக்கு மூன்று மாதம் இருந்தது.

வளவுக்காரிகள் சொல்லித்தான் கதீஜம்மாளுக்கு இது தெரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அவள் நினைத்தது நடந்துவிட்டதே. ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டகை வாசலைக் கடந்தபோது முத்துத்தாயைப் பார்த்தாள். ஷிப்டு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி நேரம் ஓடிய கைகள். கதீஜம்மாளுக்குச் சுருக்கென்றது. யாரை நாயோடு ஒப்பிட்டுப் பேசினோம் என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் வீட்டுக்குப் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். சிவனாண்டி தூக்கக் கலக்கத்தோடு வந்து, "எங்க புள்ளைய நாங்க கட்டியும் போடுதோம், தூக்கியும் குடுக்கோம். ஒங்களுக்கு என்னம்மா?" என்று முகத்தில் அடித்தாற்போல் சாத்திவிட்டான்.

அப்போதுதான் போன வருஷம் திருநெல்வேலியில் நடந்த பத்து நாள் பயிற்சி அவளுக்கு ஞாபகம் வந்தது. அங்கே பாடம் எடுத்த ஒரு அம்மா சொன்னதைக் கதீஜம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டு அப்படியே மறந்திருந்தாள். 'பிள்ளையை நல்லாப் பார்த்துக்கோ என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கையால் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்னக் காரியத்தைக் காட்டுங்கள். அவர்கள் ஏற்கனவே தினமும் செய்கிற வேலையோடு அதை முடிந்துவிடுங்கள். செய்ததைக் கண்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். செய்யாததைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு.'

தினமும் செய்கிற வேலை எது? அது தெரியாமல்தானே ஏசினோம் என்று நினைத்தாள். மறுநாள் மத்தியானம் பால்வாடியைப் பூட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரு ஓரமாக நின்று பார்த்தாள். ஒரு மணி நேரம் நின்றாள்.

முத்துத்தாய் இரண்டு தறிக்கும் நடுவே பம்பரமாகச் சுழன்றாள். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி, படகு போன்ற நாடாவுக்குள் வைத்திருப்பார்கள், அதற்குத் தார் என்று பேர். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து பாய்ந்து தார் தீர்ந்ததும் தறி தானாக நின்றுவிடும். நெய்கிறவர் நாடாவை எடுத்து, வெறுங்குச்சியைக் கழற்றிக் கூடையில் போட்டு, புதுத் தாரை மாட்டி, கைப்பிடியைத் தள்ளினால் மறுபடி ஓடும். ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இது நடந்தது. இரண்டு தறிக்கும் சேர்த்துக் கதீஜம்மாள் எண்ணினாள். ஒரு மணி நேரத்தில் பதினைந்து தடவை.

தறி நிற்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது! அந்தக் கூட்டத்தில், அந்த இரைச்சலில், அந்த ஓட்டத்தில், ஒரு மூச்சு விடுகிற நேரம். பதினைந்து தடவை. கதீஜம்மாள் புதையலைப் பார்த்தவள் போல நின்றாள்.

இன்னொன்றையும் பார்த்தாள். முத்துத்தாயின் தறிக்குப் பக்கத்துச் சுவரில் கம்பி போட்ட தாழ்வான ஒரு ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் தார் சுற்றும் அறை. அங்கே ஷம்சாத் பேகம் என்ற பெண் ராட்டையில் தார் சுற்றி, கூடையில் அடுக்கி, ஜன்னல் வழியாகத்தான் தறிக்காரர்களுக்குத் தருவாள்.

பெத்துராஜ் முதலாளியிடம் போனாள்.

"தறிக் கொட்டகைய என்ன பால்வாடின்னு நெனச்சியளா டீச்சர்? பெல்ட்டுல கிட்டுல மாட்டுச்சின்னா யாரு பதில் சொல்லுதது?"

"கொட்டகைக்குள்ள வர மாட்டா அண்ணாச்சி. தார் ரூம்ல இருப்பா, நடுவுல கம்பி இருக்கு. காலையில ஒம்பதரைக்கு நானே வந்து பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போவேன், மத்தியானம் சோறு போட்டுக் கொண்டாந்து விடுவேன்."

பெத்துராஜ் என்ன நினைத்தாரோ, "ஷம்சாத்து சரின்னா சரி" என்றார். ஷம்சாத் பேகம் அதற்குள் ஜன்னலுக்கடியில் ஒரு சாக்கை விரித்துப் போட்டிருந்தாள்.

முத்துத்தாயிடம் கதீஜம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தார் மாத்தும்போது ஒரு தடவ ஜன்னலப் பாரு. கோமுன்னு பேரச் சொல்லு. வேற எதுவும் செய்ய வேண்டாம்."

"அவளுக்குக் கேக்காதேக்கா."

"கேக்க வேண்டாம். சொல்லு."

"அதுல என்ன வந்துரும்?"

"எனக்கும் தெரியல முத்து. செஞ்சு பாப்பமே."

பிள்ளை பகலில் வீட்டில் இல்லையென்றால் தன் தூக்கம் கெடாது என்று சிவனாண்டியும் தடுக்கவில்லை. முதல் நாள் மத்தியானம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாக்கில் கோமு உட்கார்ந்திருந்தது. கதீஜம்மாள் தறியருகே நின்றாள். தார் தீர்ந்தது. முத்துத்தாய் மாற்றினாள், தள்ளினாள், திரும்பவில்லை. மறந்துவிட்டாள். இரண்டாவது தடவையும் மறந்தாள். மூன்றாவது தடவை கை நாடாவில் இருக்கும்போதே சட்டென்று நினைவு வந்து திரும்பினாள். 'கோமு' என்று உதடு அசைந்தது. பிள்ளை பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தறி கைமாறியதும் கதீஜம்மாள் சொன்னாள்: "கடைசி ஒரு மணி நேரத்துல ஏழு தடவ திரும்புன. நான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

முத்துத்தாய் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். திட்டை எதிர்பார்த்து நின்ற முகம், திட்டு வராததால் எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறியது. "எட்டு" என்றாள் மெதுவாக. "ஒரு தடவ நீங்க தண்ணி குடிக்கப் போயிருந்திய."

கதீஜம்மாள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "அவ எண்ணியிருக்கா மச்சான்! அந்தக் கொட்டகையில துணிய மடிக்கும்போது குத்தம் பாக்குறதுக்குன்னே ஒரு ஆளு உண்டு. இங்கன நூல் அறுந்திருக்கு, அங்கன கறை இருக்குன்னு மார்க் போடுவான். நல்லா நெய்ஞ்ச இடத்தக் காட்டுறதுக்கு ஒருத்தரும் கிடையாது. பதினஞ்சு வயசுலருந்து தறியில நிக்கிறா. நீ ஏழு தடவ சரியாச் செஞ்சன்னு இன்னைக்குத்தான் மொதமொதல்ல ஒரு ஆள் சொல்லியிருக்கு."

நாள் போகப் போக ஏழு பத்தானது, பத்து பதின்மூன்றானது. கோமுதான் அசையவில்லை. வைகாசி பாதி கழிந்தும் அந்தக் கண் ஜன்னலுக்கு வரவே இல்லை. பால்வாடியில் சோறு நன்றாகச் சாப்பிட்டது, கால் புண் ஆறியது, கன்னம் கொஞ்சம் உப்பியது. ஆனால் மற்றப் பிள்ளைகள் சாமானைப் பிடுங்கினால் விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

ஒருநாள் முத்துத்தாய் தார் மாற்றியபோது கூடை கைக்கு எட்டவில்லை. கழற்றிய வெறுங்குச்சியை என்ன செய்வது என்று தெரியாமல் கம்பிக்கு ஊடே நீட்டினாள். சாக்கிலிருந்து ஒரு கை மேலே வந்து அதை வாங்கிக்கொண்டது.

முத்துத்தாயின் தறி அன்றைக்கு ரொம்ப நேரம் நின்றே கிடந்தது. பக்கத்துத் தறிக்காரன் கையைத் தட்டி உசுப்பினான்.

அதிலிருந்து வெறுங்குச்சியெல்லாம் கோமுவின் கைக்குத்தான். அம்மா திரும்புவாள், பேர் சொல்லுவாள், குச்சியை நீட்டுவாள். கோமு வாங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போடும். பத்து நாளில் பிள்ளை ஜன்னலடியில் நின்றுகொண்டு, தறி நிற்பதற்கு முன்னாலேயே கையை நீட்ட ஆரம்பித்தது. எந்தத் தறி எப்போது நிற்கும் என்று அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ! "நெய்யுதவுகளுக்கே அம்புட்டுத் துல்லியமா வராது" என்று ஷம்சாத் பேகம் அதிசயப்பட்டாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஆனி மாதம், ஷம்சாத் பேகத்தின் தங்கச்சிக்குக் கடையநல்லூரில் நிக்காஹ் வந்தது. ஒரு வாரம் லீவு. முதலாளி தார் அறையைப் பூட்டி, வெளியிலிருந்து தார் வரவழைத்தார். கதீஜம்மாளும் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். நாலாம் நாள் எழுந்து வளவுக்குப் போனால், கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு. சிவனாண்டியின் குறட்டை. நிலைக்காலில் அதே கயிறு. கோமு அவளைப் பார்த்தது, பார்வையைத் திருப்பிக்கொண்டது.

கதீஜம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கயிற்றை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். வழியெல்லாம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டே போனாள். வாசலிலேயே முத்துத்தாய் எதிரே வந்தாள். பிள்ளையைக் கண்டதும் முகம் செத்துப்போனது.

"அக்கா, ஒங்க கால்ல விழுதேன்" என்றாள். "இன்னொரு கார்டு மட்டும் போட்டுராதீங்க."

கதீஜம்மாள் கோர்த்து வைத்ததெல்லாம் கொட்டிப்போனது.

"எந்தக் கார்டு?"

"மாரி மதினி எங்கிட்டக் காட்டுனா. பெத்துராஜ் மொதலாளியும் பாத்தாரு. 'இது நம்ம கொட்டகை போர்டு எழுதுன கைதான'ன்னு சிரிச்சாரு. சங்கரன்கோவில்ல பாதிக் கடையில மைதீன் அண்ணாச்சி எழுத்துத்தானக்கா."

"தெரிஞ்சுமா என்னைய உள்ள விட்ட? தெரிஞ்சுமா தெனமும் எங்கூடப் பேசுன?"

முத்துத்தாய் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கார்டு போட்டது நீங்க. ஏழு தடவன்னு சொன்னதும் நீங்கதான."

கதீஜம்மாள் கோபக்காரிதான், அழுகிறவள் அல்ல. அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ன செய்யலாம் முத்து?" என்று மட்டும் கேட்டாள். இதுவரை 'இதைச் செய்' என்றுதான் சொல்லியிருந்தாளே தவிர, என்ன செய்யலாம் என்று அவளிடம் கேட்டதே இல்லை.

முத்துத்தாய் தறிக் கொட்டகையைப் பார்த்தாள், பூட்டிய தார் அறையைப் பார்த்தாள். முதலாளி முன்னால் நின்று பத்து வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியிராதவள், நேரே அவரிடம் போனாள்.

"மொதலாளி, தார் ரூம் சாவி குடுங்க. நாலு நாளைக்கு நான் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்து முடிஞ்ச மட்டும் தாரச் சுத்திப் போட்டுருதேன். எம்புள்ள அங்கனதான் இருக்கணும்."

பெத்துராஜ் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"தனியா இருக்குமேட்டி?" என்றாள் கதீஜம்மாள்.

"நான் ரெண்டடி தூரத்துலதான நிக்கேன்."

மறுநாள் மத்தியானம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட கதீஜம்மாள், மனசு கேளாமல் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். தார் அறையில் கோமு தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. முத்துத்தாய் தார் மாற்றினாள், திரும்பினாள், 'கோமு' என்றாள். சரி. ஆனால் அடுத்து நின்றது அவள் தறியில்லை. எதிர்வரிசையில் ஒரு கிழட்டுத் தறிக்காரரின் தறி. அவர் தாரை மாற்றினார், ஜன்னலைப் பார்த்தார். உதடு அசைந்தது. 'கோமு.' அதற்கடுத்த தறி. 'கோமு.' மூலையில் இருந்தவன் குச்சியை ஆட்டிக் காட்டி, 'கோமு.' அன்றைக்குக் கதீஜம்மாள் ஏசியதைப் படித்த அதே ஆட்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. முத்துத்தாய் திரும்புவதை இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து அவர்கள் கழுத்தும் பழகியிருந்தது.

இருபது தறி இரைகிற இரைச்சலில், ஒரு சத்தமும் இல்லாமல், அந்தப் பிள்ளையின் பெயர் கொட்டகை முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. கதீஜம்மாளுக்கு உடம்பு புல்லரித்தது. தொழுகைக்கு நிற்கிறவள் போலத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். பிள்ளைகளைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததெல்லாம் எவ்வளவு கொஞ்சம்!

அப்போது முத்துத்தாய் குச்சியை நீட்டினாள். கோமு வாங்கி டின்னில் போட்டுவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தது. சத்தம் வந்ததா, வரவில்லையா, யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே எல்லோரும் உதடு படிக்கிறவர்கள். முத்துத்தாய் படித்தாள், எதிர்வரிசைப் பெரியவர் படித்தார்.

'இன்னொண்ணு.'

கோமு பேசிய முதல் வார்த்தை அது. கேட்டவர் யாருமில்லை. பார்த்தவர்கள்தான் இருந்தார்கள். முத்துத்தாய் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் தன் தறியை நிறுத்திவிட்டு வந்து அவள் தறியையும் நிறுத்தினார்.

ஆடித் தவசும் வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். கரிசக்காட்டில் பாடுபடும் சம்சாரிகள் சாமி மேல் வீசிச் சூறை விடுவதற்குப் பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். அன்று பகலுக்குத் தறியெல்லாம் நிறுத்தம். ஆனாலும் முந்தின ராத்திரி ஷிப்டு ஓடியதால் சிவனாண்டி விடிந்து வந்து படுத்திருந்தான்.

கதீஜம்மாள் காலையிலேயே வளவுக்கு வந்துவிட்டாள். முத்துத்தாய் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரிய தலையையே திரும்பத் திரும்ப வாரினாள். பிள்ளை தேறியிருக்கிறது, சரி. ஆனால் தம்பியே 'நல்லதுதான்' என்று சொன்ன பேச்சு. மாரித்தாய் வீட்டில் பால் உண்டு, பார்க்க ஆள் உண்டு. எந்த நியாயத்தைச் சொல்லி வேண்டாம் என்பது?

மாரித்தாய் வந்தாள். ஒரு கையில் பருத்திப் பை, ஒரு கையில் பிள்ளைக்குப் புதுக் கவுன். வாசலில் நின்று கோமுவை ஏற இறங்கப் பார்த்தாள். "தேறியிருக்காளே!" என்றாள். நிஜமான சந்தோஷம். பையைக் கீழே வைத்துவிட்டு, "வாட்டி எஞ்செல்லம், அத்தகிட்ட வா. ஊருக்குப் போவமா?" என்று அப்படியே அள்ளித் தூக்கினாள்.

கோமு ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா தூரத்தில் நின்றாள்.

வாய் பிளந்தது.

அப்படி ஒரு அழுகையை அந்த வளவு கேட்டதில்லை. உடம்பை வில்லாக வளைத்து, காலை உதைத்து, அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்து, "அம்மா! அம்மா!" என்று வீறிட்டது. இரண்டரை வருஷம் அழாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் அழுவது போல இருந்தது. கதீஜம்மாள் காதைக் கொடுத்துக் கேட்டாள். பசிக்கு இல்லை, தூக்கத்துக்கு இல்லை, முறுக்குக்கும் இல்லை. கூப்பிட்டால் ஆள் வரும் என்று தெரிந்த பிள்ளையின் அழுகை.

முத்துத்தாய் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டும் நிறுத்தவில்லை.

மாரித்தாய் வெறுங்கையோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. மூக்கைத் தடவிக்கொண்டே, "ஏயம்மா, இவளுக்குத் தொண்டை இருந்திருக்கே! எங்கிட்ட வர மாட்டாளாமே" என்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று சொல்ல முடியாது. கவுனை எடுத்து முத்துத்தாயின் தோளில் போட்டாள். "அவளுக்குப் போட்டுத் தவசு பாக்கக் கூட்டிட்டு வா. நான் முன்னால போறேன்."

அதற்குள் வளவே கூடிவிட்டது. பழக்கத்தில் நாலைந்து பேர் உதட்டில் விரலை வைத்து, "சூ! சூ! சிவனாண்டி தூங்குதான்" என்றார்கள். ஆனால் சிவனாண்டி ஏற்கனவே எழுந்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். தலை கலைந்து, கண் சிவந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"யாரு அழுதது?"

"ஒம் மகதான்" என்றாள் மாரித்தாய்.

"கோமுவா?" அவன் நம்பவில்லை. கிட்டே வந்து பிள்ளையின் திறந்த வாயை, ஒழுகும் மூக்கை, நனைந்த கன்னத்தைப் பார்த்தான். முத்துத்தாய் பதற்றத்தில் பிள்ளையின் வாயைத் தன் தோளோடு அழுத்தினாள்.

சிவனாண்டி அவள் கையை மெதுவாக விலக்கினான்.

"விடுட்டி" என்றான். "அழட்டும்."

அடுப்படி நிலைக்காலில் சாய்ந்து, கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்திருந்த இடத்தில், குத்தவைத்து உட்கார்ந்தான். தூக்கம் போனது போகட்டும் என்று மகள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.